பழைய கடிதம் போன வீடுகள்

நூற்றி இருபது குடும்பங்கள்.
ஒரு ரெண்டு ரூபாய்க் குற்றி.
பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நிரூசன்
என் மேசையில் அதைச் சுண்டிச் சுண்டி விட்டான்.
தலை விழுந்தால் புதுக் கடிதம்,
பூ விழுந்தால் பழையது.
பின்னேரம் நாலு மணிவரை
பெயர்களுக்கு நேரே நான் புள்ளடி போட்டேன்.

பழைய கடிதம் எனக்கு மனப்பாடம்.
'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கும்,
'தவறும் பட்சத்தில் கொடுப்பனவு இடைநிறுத்தப்படும்' என்று முடியும்.
நடுவில், ஆறாவது வரியில்,
ஒளித்து வைத்ததுபோலத் திகதி.
பத்து வருசமாக அதற்குக் கீழே
என்னுடைய கையெழுத்துத்தான்.

புதியதை இரண்டு பேருமாக எழுதினோம்.
முதல் வரியில் அவரவர் பெயர்.
இரண்டாவதில்: பிள்ளையின் கொப்பிக் காசு
உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறது.
பிறகு நாள், நேரம், எந்த யன்னல், எந்த பஸ்.
கொண்டுவர வேண்டியவை இரண்டே இரண்டு.
'உங்கள் ஊரில் பத்துக்கு ஏழு பேர் பதிந்துவிட்டார்கள்'
என்று நிரூசன் சேர்க்கப் பார்த்தான்.
அது உண்மையில்லையே தம்பி, என்றேன்.
வெட்டினான்.

பூ விழுந்த பட்டியலில் பதினேழாவது
றெஜினா அமலதாஸ், பாசையூர்.
தெரிந்த பெயர்.
அவளுடைய இரண்டாவது என் மகளோடு படிக்கிறாள்,
வெள்ளைச் சப்பாத்தின் கறைக்குச்
சோக்குப் பூசி வருகிற பிள்ளை.
இன்னொருக்கால் சுண்டிப் பாரும் என்று
வாய் வரைக்கும் வந்தது.
விழுங்கினேன்.
ஆய்வென்றால் அப்படித்தானாம்:
ஒரு பாதி இருட்டில் நிற்காவிட்டால்
மறு பாதியில் வெளிச்சம் வந்ததென்று
எவருக்கும் காட்ட ஏலாது.

மூன்று கிழமை.
புதுக் கடிதம் போன ஐம்பத்தெட்டில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.
பழையது போன அறுபத்திரண்டில் இருபத்துநாலு.
நிரூசன் கதிரையை விட்டெழும்பி ஒரு சுற்றுச் சுற்றினான்.
பிரதேச செயலர் ரோல்ஸும் பிளேன்டீயும் எடுப்பித்தார்.
கொழும்புக்கு ஒரு படம் போனது:
இரண்டு தூண்கள்,
ஒன்று உயரம், ஒன்று கட்டை.

கட்டைத் தூணுக்குள் றெஜினா இல்லை.
அதற்கு மேலே கிடந்த
வெறும் வெள்ளையில் இருந்தாள்.

சனிக்கிழமை ஸ்கூட்டியில் போனேன்.
சீற்றுக்குக் கீழே முப்பத்தெட்டுப் புதுக் கடிதங்கள்.
வாசலில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டு நின்றாள்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
வாசித்தாள். முழுக்க. நின்றபடி.

'வடிவா எழுதியிருக்கிறியள் மிஸ்.
போன கடிதமும் எனக்கு விளங்கினதுதான்.'

விளங்கினதா?

'ஓம். செவ்வாய் எண்டிருந்தது.
செவ்வாய் நண்டு லொறி வாற நாள்.
அண்டைக்கு நிக்காட்டி
மிச்ச நாளுக்கும் முதலாளி கூப்பிடான்.
இதிலயும் செவ்வாய்தானே போட்டிருக்கு?'

வாங்கிப் பார்த்தேன்.
பெரிய எழுத்தில், கட்டம் அடித்து,
கண் தெரியாதவர் தவிர
ஒருவரும் தவறவிட முடியாதபடி
செவ்வாய்க்கிழமை.

மற்ற வீடுகளுக்கும் போனேன்.
இரண்டு வீட்டில் நாய் மட்டும்.
ஒரு வீட்டில், கடிதமே வரவில்லை என்றார்கள்;
கதவுச் சந்தில் அது செருகியபடி இருந்தது.
மற்றும்படி செவ்வாய், செவ்வாய், செவ்வாய்.

ஏன் செவ்வாய் என்று கந்தோரில் கேட்டேன்.
ஒருவருக்கும் தெரியாது.
முந்தி ஒரேயொரு கொம்பியூட்டர் இருந்த காலத்தில்
அது செவ்வாயில்தான் சும்மா கிடந்ததாம்.
நிரூசனுக்கு போன் எடுத்தேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு,
'இதைத் தரவில எங்க போடுறது, அக்கா?'

இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு,
செயலருக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
'மேற்படி விடயம்' என்று கை தன்பாட்டில் ஓடியது.
வெட்டினேன்.
முதல் வரியில் அவருடைய பெயர்.
இரண்டாவது வரியில்: சனிக்கிழமை, அரை நாள், ஒரே ஒரு யன்னல்.
கொண்டுவர வேண்டியது, ஒரு கையெழுத்து.

நாளைக்கே கொடுக்கலாம் என்று பார்த்தால்
நாளை செவ்வாய்.
செவ்வாயில் அவருக்குக் கூட்டம்.